செகண்ட் கியர் பிடிக்கிற அக்கா

என்னுடைய பழைய ஜீப்பை ஓட்ட இரண்டு ஆள் வேண்டும். லைசென்ஸ் என்னிடம் இருந்தது. செகண்ட் கியர் அந்த அக்காவிடம் இருந்தது.

இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகளை அவர்கள் பார்த்ததில்லை. என் ஜீப் என் மாமனார் எனக்குக் கொடுத்தது. மகளையும் ஜீப்பையும் ஒரே வருஷத்தில் தந்தார். இரண்டில் எது என்னை அதிகம் அழவைத்தது என்று வீட்டில் கேட்காதீர்கள்.

அதன் நோய் இதுதான். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், போட்டிருக்கிற செகண்ட் கியர் 'டக்'கென்று தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். கியர் கழன்றால் வண்டியை இழுத்துப் பிடிக்க எஞ்சின் இல்லை. வெறும் பிரேக்தான். காலையில் தோட்டத்துக்குப் போகிற வழி முழுக்க இறக்கம், அதுவும் கல் பெயர்ந்து கிடக்கிற இறக்கம். வண்டியில் பதினான்கு பெண்கள், பதினான்கு தூக்குவாளி. எத்தனை பேரை ஏற்றலாம் என்று சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

முதலில் ஒரு சைக்கிள் டியூபைக் கிழித்து, கியர் கம்பியை டேஷ்போர்டில் இருக்கிற கைப்பிடியோடு இழுத்துக் கட்டியிருந்தேன். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறோம். ஒரு நாள் காலையில் நடு இறக்கத்தில் அந்த டியூப் அறுந்து என் கன்னத்தில் பளாரென்று அடித்தது. வண்டி ஓட ஆரம்பித்தது. பின்னால் இருந்தவர்கள் அத்தனை தெய்வத்தையும் கூப்பிட்டார்கள். முன் சீட்டில் அன்றைக்கு முறைப்படி உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் யாரையும் கூப்பிடவில்லை. "கிளச்ச மிதிலே!" என்று என்னைத் திட்டினாள். நான் மிதித்தேன். வலது கையால் கம்பியை முன்னே தள்ளி, கியர் விழுந்ததும் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தோட்டம் வரை கையை எடுக்கவில்லை.

கீழே போய் நிறுத்தியதும் டியூப் அடித்த கன்னத்தைத் தடவிக்கொண்டே இறங்கினேன். அவள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இந்தக் கம்பியப் பிடிக்கதுக்கு ஆளு வச்சிருக்கியா?"

"ஆளெல்லாம் எங்கக்கா?"

"அப்ப நாளையிலருந்து நான் பிடிக்கேன். முன் சீட்டு எனக்கு. மத்தவளுவகிட்ட நீ சொல்லிரு."

அன்றோடு முன் சீட்டின் முறை ஒழிந்தது. அதுவரை வாரத்துக்கு ஒருத்தி என்று சுழற்சி வைத்திருந்தார்கள். முன் சீட்டில் காலை நீட்டலாம், காற்று வரும், யாரும் மடியில் வாந்தி எடுக்க மாட்டார்கள். அதற்காக எத்தனை சண்டை நடந்திருக்கிறது! ஆனால் கியர் பிடிக்க வருகிறாயா என்று கேட்டதும் மீதிப் பதிமூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அக்காவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். குள்ளம். சேலைக்கு மேலே ஆம்பளை முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், இடது கையில் ஜெபமாலை. வலது கை என்னுடைய கியருக்கு. கம்பியின் உச்சிக் குமிழ் கையை அறுக்கக் கூடாதென்று ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொள்வாள். இறக்கம் தொடங்கினால் ஜெபம் தொடங்கும். முடிவதற்கும் தோட்டத்து கேட் வருவதற்கும் சரியாக இருக்கும். நான் ஒரு நாள் வேகமாகப் போய்விட்டால், "ஜெபத்த முடிக்கவுடாம எங்கலே பறக்க?" என்று விழும் ஏச்சு.

மகள் போன் பண்ணினாலும் கையை எடுக்க மாட்டாள். பின்னால் இருக்கிறவள் எட்டிப் போனைக் காதில் வைத்துப் பிடிக்க வேண்டும். "வேலையில இருக்கேன், பெறவு பேசுதேன்" என்பாள். வேலையில்! ஜீப்பில் உட்கார்ந்து போவதை வேலை என்று சொன்ன ஒரே பிறவி அவள்தான். அது நிஜமாகவே வேலைதான் என்பது வேறு விஷயம்.

அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் போதும். மீதி எல்லாம் அதற்குள் அடக்கம். அவளுக்கு ஓசி ஆகாது. ஆகவே ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் அரிக்கும். இவளுக்கு ஓசியாக ஒன்று கிடைத்தால் அதே மாதிரி அரிக்கும்.

ஒரு தடவை குமுளி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள். குடித்துவிட்டு நேரே கடைக்குள்ளே போய், தொட்டியில் கிடந்த கிளாஸையெல்லாம் கழுவ ஆரம்பித்துவிட்டாள். கடைக்காரர் மலையாளி. "சேச்சி, எந்தா இது?" என்று பதறிப்போய் என்னைப் பார்க்கிறார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். தெரியாத ஆள் மாதிரி.

ஒரு மழையில் சுற்றுலா வந்த யாரோ பாவப்பட்டு அவளைக் காரில் ஏற்றியிருக்கிறார்கள். ஏறினவள் சும்மா இருப்பாளா? போகிற வழியெல்லாம் முந்தானையால் கார்க் கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். முன் கண்ணாடியைத் துடைக்க டிரைவரின் மூக்குக்கு முன்னால் கையை நீட்டியபோது, அவர் வண்டியை ஓரம் கட்டி, கும்பிட்டு இறக்கிவிட்டுவிட்டார்.

என் கொழுந்தியாள் கல்யாணத்தில்தான் உச்சம். பந்தியில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறாள். "ஒரு வேலையும் செய்யாம எப்பிடி இலையில உக்காருவேன்?" சமையல்காரரிடம் போய் வேலை கேட்டாள். அவர் துரத்தினார். மறுபடி போனாள். கடைசியில் தொல்லை பொறுக்காமல் அரை மூட்டை வெங்காயத்தை முன்னால் கொட்டினார். உரித்து முடித்து, கண்ணீரும் கம்பலையுமாக வந்து உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டாள். சாப்பிட்ட கையோடு, "ரசம் வெளங்கல" என்று சமையல்காரரிடமே சொல்லிவிட்டுப் போனாள். வேலை செய்தவளுக்குக் குறை சொல்ல உரிமை உண்டு என்பது அவள் கணக்கு.

இப்படிப்பட்ட ஆளிடம் நான் ஒரு நாள் வாய் தவறி ஒரு வார்த்தை விட்டேன். பின்னால் ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. அவளையும் முன்னால் நெருக்கி உட்காரவைக்க வேண்டியிருந்தது. "அக்கா, சும்மாதானே வர்றீங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றேன்.

"சும்மாவா?" என்றாள். குரல் உயரவே இல்லை. கையைக் கம்பியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நடு இறக்கம். டக். கியர் கழன்றது.

"யக்கா!"

"ஓட்டு."

"யக்கா, பிடிங்கக்கா, தெரியாமச் சொல்லிட்டேன்!"

"சும்மாதான வாரேன். நீ ஓட்டு."

பிரேக்கின் மேல் நின்றுகொண்டே, முன்னால் தெரிந்த வளைவைப் பார்த்துக்கொண்டே, அவளிடம் நான் கேட்ட மன்னிப்பை என் பெண்டாட்டியிடம்கூட இதுவரை கேட்டதில்லை. பின்னால் பதிமூன்று பேரும் எனக்காகக் கெஞ்சினார்கள். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால்தான் கையை வைத்தாள். அதற்கப்புறம் 'சும்மா' என்கிற வார்த்தையை அந்த ஜீப்புக்குள் யாரும் சொன்னதில்லை.

இப்போது அவள் திருப்பூரில் மகள் வீட்டோடு இருக்கிறாள். அங்கே டவுன் பஸ்ஸில் எந்த டிரைவரைப் பாடாய்ப் படுத்துகிறாளோ, எனக்குத் தெரியாது.

என் ஜீப்பில் வந்த காலத்தில் அந்த முன் சீட்டு அவளுக்கு வெறும் பவிசு இல்லை. இது எனக்குத் தெரியும், பதிமூன்று பேருக்கும் தெரியும். தெரியக் கூடாதவர் ஒருவர்தான், தோட்டத்துக் கங்காணி. அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. ஏலச்செடியின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உட்கார்ந்தே தேய்ந்த முழங்கால். செடிக்கடியில் ஒரு பலகைத் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டால், கையால் காய் எடுப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் உயரத்தில் ஏறவோ குதிக்கவோ முடியாது. கங்காணி தினமும் காலையில் கேட்டில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். ஜீப்பின் பின்பக்கப் பலகையிலிருந்து ஒவ்வொருத்தியும் எப்படிக் குதிக்கிறாள் என்று பார்ப்பார். பார்ப்பது தெரியாமல் பார்ப்பார். யாராவது கை கொடுத்து இறக்கவேண்டிய நிலையில் ஒருத்தி இருந்தால், வார்த்தை மிகவும் மரியாதையாக வரும்: "நீ ரெஸ்ட் எடும்மா." அந்த ரெஸ்ட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. முன் சீட்டிலிருந்து இறங்க அந்தக் குதி வேண்டாம். படி தாழ்வு. டேஷ்போர்டுக் கைப்பிடியைப் பிடித்தே இறங்கிவிடலாம். கியர் பிடிக்கிறவளின் முழங்காலை யாரும் பார்ப்பதில்லை.

ஆக, என் கியர் பெட்டி கெட்டுக் கிடக்கிற வரைக்கும் அக்காவின் வேலை பத்திரம்.

அதைக் கெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து அவளையும் இன்னும் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு இறங்கி வருகிறேன். வண்டி பரிசோதிக்கிற அதிகாரி கை காட்டினார். நல்லவேளை, வண்டியில் நாலே பேர். காகிதமெல்லாம் பார்த்தார். அப்புறம் அவர் பார்வை கியர் கம்பிக்குப் போனது. அதன் மேல் மடித்த துண்டு, துண்டின் மேல் அக்காவின் கை. வண்டி நின்ற பிறகும் பழக்கத்தில் எடுக்காமல் வைத்திருந்தாள்.

"வண்டி ஓடிக்குன்னது ஆரா?" என்றார். யார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பெருமையாகச் சொல்லிவிட்டாள். "ரெண்டு பேரும்தான் சார்."

நாசமாய்ப் போச்சு.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் வண்டிக்கு டெஸ்ட் இருக்கிறதல்லவா, அன்றைக்குத் தானே ஓட்டிப் பார்ப்பதாகவும், மைதானத்தில் இல்லை, இதே இறக்கத்தில் ஓட்டிப் பார்ப்பதாகவும் சொன்னார். கியர் நிற்கவில்லையென்றால் வண்டி ரோட்டுக்கு வராது. வருஷத்துக்கு இத்தனை வண்டி கவிழ்கிறதே, உங்களுக்கெல்லாம் உயிர் பயம் இல்லையா என்றும் கேட்டார். நியாயமான கேள்வி.

"நல்லா ஓடுத வண்டியப் போயி பிரிக்கப்போறியாலே?" என்று வழியெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நல்லா ஓடலக்கா. நீங்க பிடிக்கிறதால ஓடுது."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

டெஸ்ட் நல்லபடியாக முடியவேண்டும் என்று ரோட்டோரத்தில் குகை மாதிரி கட்டியிருக்கிற அந்தோணியார் கெபியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தேன். நான் கும்பிடுவது முருகனைத்தான். ஆனாலும் ரோட்டோரத்தில் இருக்கிறவரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது பாருங்கள். திரும்பினால் பின்னால் அக்கா நிற்கிறாள், கையில் இரண்டு மெழுகுவர்த்தி. ஏற்றுவதற்கு முன்னால், கெபியைச் சுற்றிக் கிடந்த சருகையெல்லாம் ஒரு குச்சியால் கூட்டித் தள்ளினாள். சாமியிடமும் ஓசி கிடையாது. எதற்கு ஏற்றுகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தோணியார் அன்றைக்கு என்ன பாடுபட்டாரோ.

குமுளியில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். எல்லாரும் ஆசான் என்று கூப்பிடுவார்கள். பாதி மலையாளம் பாதித் தமிழ் பேசுகிற மனுஷன். சீட்டைக் கழற்றி, தரைத் தகட்டைக் கழற்றி, பெட்டியைக் கீழே இறக்கினார். வண்டி இல்லாததால் தோட்டத்துக்குப் போகமுடியாமல் அக்கா தினமும் பட்டறைக்கு வந்து எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். சும்மா உட்காரவில்லை. பட்டறையின் கழிவுத் துணியையெல்லாம் துவைத்துக் காயப்போட்டாள். ஆசான் அந்தப் பட்டறையில் அவ்வளவு சுத்தமான துணியை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பெட்டியைத் திறந்து எண்ணெயை வடித்தார். கறுப்புப் பாயசம் மாதிரி வந்தது. உள்ளே கையை விட்டு ஒரு இரும்பை எடுத்தார். இரண்டு விரல் நீட்டின மாதிரி இருக்கும். ஃபோர்க் என்பார்கள். நாம் மேலே கம்பியைத் தள்ளினால், உள்ளே கியரைத் தள்ளுவது அந்த இரண்டு விரல்தான். அதில் ஒன்று நகத்தின் கனத்துக்குத் தேய்ந்து மெலிந்து போயிருந்தது.

"இது கியர் தேச்சதல்ல" என்றார் ஆசான். "மேல ஆரோ எப்பவும் அழுத்திப் பிடிச்சு, பிடிச்சு, பிடிச்சுத் தேஞ்சது. ஆராணு அந்தப் பாவி?"

அக்கா எழுந்து வந்தாள். அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாந்தான்" என்றாள். இரும்பையே தேய்த்திருக்கிறோம் என்று முகத்தில் ஒரு மலர்ச்சி! கியர் நிற்பதற்காகப் பிடித்தோம், பிடித்துப் பிடித்தே கியர் நிற்காமல் செய்திருக்கிறோம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

புது ஃபோர்க், புது செகண்ட் கியர், அதோடு சேர்ந்த பித்தளை வளையம், கம்பியை நிறுத்துகிற ஸ்பிரிங், குண்டு எல்லாம் போட்டு ஆசான் பெட்டியை ஏற்றினார். பட்டறையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். கியர் அசையவில்லை. மறுநாள் பெண்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினேன். அக்கா முன் சீட்டில் இருந்தாள். கையை மடியில் வைத்திருக்க வேண்டும், கம்பியைத் தொடவே கூடாது என்று ஆசானின் உத்தரவு. முதல் பாலம் தாண்டினோம். கியர் நின்றது. இரண்டாவது பாலம் தாண்டினோம்.

டக்.

அவள் கை எப்போது கம்பிக்குப் போனதென்று எனக்குத் தெரியாது. கிளச்சை நான் மிதிப்பதற்கும் அவள் தள்ளுவதற்கும் சரியாக இருந்தது. "பாத்தியா!" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கு எரிச்சலாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

டெஸ்ட்டுக்கு மூன்று நாள். ஆசான் மறுபடி பிரித்தார். எல்லாம் புதுசு, எல்லாம் சரி. கையால் சுற்றிப் பார்த்தால் ஒரு குறை இல்லை. "எனக்கு மனசிலாகல" என்று உட்கார்ந்துவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து வேறொரு பழைய பெட்டியை வரவழைக்கலாம், ஆனால் டெஸ்ட்டுக்குள் வராது என்றார். டெஸ்ட் போனால் ஜீப் போச்சு. அந்தத் தோட்டத்துப் பாதையில் இறங்க வேறு வண்டிக்காரன் எவனும் வரமாட்டான். அக்காவோடு மற்றப் பதிமூன்று பேருக்கும் வேலை இல்லை.

அன்று முழுக்க அக்கா சுவரோரமே உட்கார்ந்திருந்தாள். துணிகூடத் துவைக்கவில்லை. வலது உள்ளங்கையை இடது கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஏதோ தெரியும் என்று எனக்குப் பட்டது. வருஷக்கணக்காக அந்தக் கம்பியைப் பிடித்திருந்த கை அது. ஆனால் அதை எப்படிக் கேட்பது? உன் சீட்டை நீயே எழுதிக் கொடு என்று கேட்கிற மாதிரி அல்லவா? நான் கேட்கவில்லை. இதை நான் நல்லவன் என்று காட்டச் சொல்லவில்லை. எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவளாகவே வந்து ஆசானின் முன்னால் நின்றாள்.

"ஆசானே, நீரு வண்டியக் குளுந்து கெடக்கையில ஓட்டிப் பாக்கீரு. அதான் ஒமக்குத் தெரியல. மொத அர மணி நேரம் அது ஒழுங்காத்தான் இருக்கும். ரெண்டாவது பாலம் தாண்டி, பெட்டி சூடாகி, தரத்தகடு காலச் சுடும் பாத்துக்கிடும், அப்பத்தான் கம்பி அசைய ஆரம்பிக்கும். பக்கவாட்டுல அசையாது. முன்னயும் பின்னயும், முன்னயும் பின்னயும், மூச்சு வாங்குத மாதிரி. பெறவுதான் கழலும்."

ஆசான் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "முன்னும் பின்னுமோ? ஒறப்பா?"

"என் கைக்குத் தெரியாதாவே?"

அவர் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து, பெரிய ஷாஃப்ட்டைத் தாங்குகிற பேரிங்கைக் கழற்றினார். குளிர்ந்திருக்கும்போது பேரிங் இறுக்கமாகத்தான் இருந்தது. அதனால்தான் பழசையே திரும்பப் போட்டிருக்கிறார். அதை நகராமல் பிடிக்கிற வளையம் உட்காரும் பள்ளம் தேய்ந்து அகன்றிருந்தது. சூடானதும் ஷாஃப்ட்டே முன்னும் பின்னும் நகர்ந்து, கியரைத் தள்ளிவிடுகிறது. "என்டம்மே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். புதுப் பேரிங், கொஞ்சம் தடித்த வளையம். அன்று சாயங்காலமே பெட்டி ஏறிவிட்டது.

"ஏன்க்கா சொன்னீங்க?" என்று தனியாகக் கேட்டேன்.

"முன் சீட்டு அவளுவ முறைய விட்டுக்குடுத்த சீட்டுலா? அவளுவ இப்ப வேலயில்லாம வீட்டுல கெடக்காளுவ. எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லாம இருந்தா, இத்தன நாளும் ஓசியில உக்காந்த மாதிரி ஆயிராதா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "போலே, மூஞ்சியப் பாக்காத" என்று திட்டினாள்.

டெஸ்ட் அன்று அதிகாரி தனியாக ஓட்டிக்கொண்டு அந்த இறக்கத்தில் அடிவரை போய்த் திரும்பி வந்தார். கியர் கல் மாதிரி நின்றிருக்கிறது. கையெழுத்துப் போட்டார். ஓரமாக நின்றிருந்த அக்காவைப் பார்த்து, "சேச்சிக்கு இனி ரெஸ்ட்" என்று சிரித்தார். நல்ல மனசோடுதான் சொன்னார். அக்காவின் முகம் அப்படியே செத்துப்போனது.

திங்கட்கிழமை காலை. பெண்கள் ஏறுகிறார்கள். முன் சீட்டைக் காலியாக வைத்திருந்தேன். பதிமூன்று பேரில் ஒருத்தியும் அதன் பக்கம் போகவில்லை. அக்கா அதைக் கடந்து வண்டியின் பின்பக்கம் போனாள்.

"அக்கா, முன்னால உக்காருங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? எப்பவும் உக்கார்ற எடந்தானே?"

"என்ன வேல இருக்கு அங்கன? வேடிக்க பாக்கவா? நீ எனக்குப் பிச்ச போடுதியா?"

பின்னால் இருந்த பெண்களும் சொன்னார்கள். கேட்கவில்லை. இரண்டு பேர் மேலேயிருந்து கையைப் பிடித்து இழுக்க, ஒருத்தி கீழேயிருந்து முட்டுக்கொடுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். ஏறியதும் பலகை ஓரத்தில் கடைசி ஆளாக உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் பதிமூன்று பேரில் ஒரு சின்னப் பெண் முன் சீட்டுக்கு வந்தாள். முதல் பாலத்துக்கு முன்னாலேயே வாயைப் பிளந்து தூங்கிவிட்டாள்.

கியர் நின்றது. இரண்டாவது பாலம் தாண்டியும் நின்றது. அவ்வளவு நல்ல கியரை நான் என் வாழ்க்கையில் அவ்வளவு வெறுத்ததில்லை. ஏறுவது நம் ஊரில், கைத்தாங்கல் கொடுத்தாயிற்று. இறங்குவது? அங்கே குடையோடு ஒருவர் நிற்கிறாரே. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா ஜெபமாலையை எடுக்கவே இல்லை. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

கேட் தெரிந்தது. கங்காணி நின்றார். கேட்டுக்கு இடது பக்கம், பாதை போடும்போது வெட்டிய மண்மேடு ஒன்று ஜீப்பின் பலகை உயரத்துக்கு இருந்தது. அத்தனை வருஷம் அந்த வழியாகப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். கேட்டில் நிறுத்தவில்லை. தாண்டிப்போய் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் போட்டு, அந்த மேட்டைப் பார்த்துப் பின்னால் வர ஆரம்பித்தேன்.

"என்னப்பா இது புதுப் பழக்கம்?" என்றார் கங்காணி.

"பெட்டி புதுசுங்கய்யா. ரிவர்ஸ் கியரத் தெனமும் கொஞ்சம் ஓட்டிப் பழக்கணும்னு மெக்கானிக் சொல்லியிருக்காரு" என்றேன். இந்த உலகத்தில் எந்த மெக்கானிக்கும் அப்படிச் சொல்ல மாட்டான். கங்காணிக்கு ஏலக்காய் தெரியும், கியர் தெரியாது.

பின்னால் பள்ளமும் மேடும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போது வண்டியின் தகட்டில் ஓங்கி இரண்டு அடி விழுந்தது.

"வா. வா. ஏலே, எடது பக்கம் ஒடி! எடதுன்னேன், ஒனக்கு எது எடது? ஆ, வா. இன்னும் வா. நில்லு!"

பலகை மேட்டில் போய் இடித்து நின்றது. அக்கா எழுந்தாள். ஒரே ஒரு எட்டு. பலகையிலிருந்து மண்ணுக்கு, முழங்காலை மடக்காமல், நிமிர்ந்தபடி. அப்படியே சரிவில் நடந்து கங்காணியைத் தாண்டும்போது "தோத்திரம் கங்காணி" என்றாள். அவர் "தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைப் பார்க்கத் திரும்பினார். அடுத்தவளும் அப்படியேதான் இறங்கினாள். பதினான்கு பேரில் ஒருத்தியும் குதிக்கவில்லை.

அக்கா என் பக்கம் வந்து நின்றாள். நன்றி சொல்ல வந்தாள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன், அறிவுகெட்டவன்.

"பொறத்தால என்ன இருக்குன்னு பாக்காம வண்டிய எடுக்க. பள்ளத்துல வுட்டுருப்ப. நாளைக்கு நான் தகட்டுல தட்டுன பெறவு வா. நான் சொல்லாம ஒரு அடி பின்னால வரக் கூடாது, கேட்டியா?"

"சரிக்கா" என்றேன்.

அவள் திருப்பூருக்குப் போகிற வரைக்கும் தினமும் காலையில் அந்த மேட்டுக்கு ரிவர்ஸில் போனேன். தினமும் ஏச்சு வாங்கினேன். திரும்பித் திரும்பிப் பார்த்ததில் என் கழுத்து பிடித்துக்கொண்டு, இன்றைக்கும் தைலம் தேய்க்கிறேன். அவளுடைய முழங்காலைக் கங்காணி கடைசிவரை பார்க்கவில்லை.